கண் வறட்சி: சொட்டு மருந்தா, சுடுதண்ணித் துணியா?

ஆனி, ஆடியில் பல்லடத்திலிருந்து உடுமலைக்கு, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வண்டி ஓட்டிப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலையைச் சுற்றவிட்டு, கையோடு நம் கண்ணையும் காயவைத்துவிடும். எனக்கு வேலை திருப்பூரில், பனியன் கம்பெனிக் கணக்குப் பிரிவில். பகல் முழுக்க ஏ.சி.யும் கம்ப்யூட்டரும்தான். திரையைப் பார்க்கும்போது கண் இமைப்பதே பாதியாகக் குறைந்துவிடும்.

எனக்கு முதலில் கண்ணில் தண்ணீர்தான் கொட்டியது. "ஏனுங்க டாக்டர், தண்ணி இப்படி ஊத்துது, வறட்சிங்கறீங்க?" என்று கேட்டேவிட்டேன். கண்ணீரில் நீருக்கு மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அது குறைந்தால் நீர் சட்டென ஆவியாகும், கண் உறுத்தும், உறுத்தலுக்குச் சுரப்பி வாரி இறைக்கும். இறைத்தது கன்னத்தில் வழியுமே தவிர, கண்ணில் நிற்காது. மஞ்சள் சாயம் விட்டு இமைக்காமல் இருக்கச் சொன்னார். படலம் 10 வினாடியாவது தாங்க வேண்டுமாம், எனக்கு 4 வினாடியில் கிழிந்தது. இமையோரத்தை அழுத்தினால் தெளிந்த எண்ணெய் வர வேண்டிய இடத்தில் டூத்பேஸ்ட் மாதிரி கெட்டியாக வந்தது. பலருக்கும் இந்த எண்ணெய்க் கோளாறுதான், நீர்க் குறைவு அதைவிட அபூர்வம்.

இது தெரிந்தபிறகு, கடையில் வாங்கும் சொட்டு மருந்தின் மீது எனக்கிருந்த பக்தி குறைந்தது. செயற்கைக் கண்ணீராக விற்கும் கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ் 0.5 சதவீதச் சொட்டு விட்டவுடன் சுகம்தான், ஆனால் அரை மணியில் பழைய கரகரப்பு. 1 சதவீத ஜெல் கூடுதல் நேரம் நிற்கும், பார்வையைக் கொஞ்சம் மங்கலாக்கும் என்பதால் படுக்கும்போதுதான் லாயக்கு. பாட்டில் மருந்தில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு அடிக்கடி பட்டால் கண்ணின் மேற்பரப்பையே புண்ணாக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் விடுகிறவர்கள் அது சேராத சிறு குப்பிகளுக்கு மாறுவது நல்லது. விலை கூடுதல்தான்.

ஆனால் காசே இல்லாத சுடுதண்ணித் துணிதான் என் கட்சி. சுமார் 40 டிகிரி சூட்டில் பத்து நிமிடம் மூடிய இமைமேல் வைத்தால் உறைந்த எண்ணெய் இளகும். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் மெல்ல நீவ வேண்டும். இதில் தொல்லை, துணி இரண்டே நிமிடத்தில் ஆறிப்போவது. பிளாஸ்க்கில் சுடுதண்ணி வைத்துக்கொண்டு, கிண்ணத்தில் விளாவி, துணியை மாற்றி மாற்றி நனைக்கிறேன். இமைக்கு முன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்ப்பேன். பலன் தெரிய எனக்கு மூன்று வாரம் ஆனது.

"நந்தியாவட்டைப் பூவ வச்சுக்க, கண்ணு" என்பார் அமத்தா, அம்மாவைப் பெற்றவர். மூடிய இமைமேல் வைத்தால் குளிர்ச்சி, தப்பில்லை. சாற்றைப் பிழிந்து கண்ணுக்குள் விடுவது வேண்டவே வேண்டாம். ரோஸ் வாட்டர், விளக்கெண்ணெய்க்கும் அதே பதில். மீன் எண்ணெய் மாத்திரை? 2018-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், ஒரு வருடம் தினம் 3 கிராம் ஒமேகா-3 சாப்பிட்டவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மீனைக் குழம்பாகவே சாப்பிடலாம்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். சீட்டு இல்லாமலே ஒரு மெடிக்கலில் எனக்கு ஸ்டீராய்டு சொட்டு கொடுத்தார்கள். சிவப்பு ஒரே நாளில் போனது, நானும் ஒரு மாதம் விட்டேன். கண் அழுத்தம் ஏறியிருந்தது பரிசோதனையில்தான் தெரிந்தது.

வலி, வெளிச்சம் கூசுவது, பார்வை மங்கல் இருந்தாலும், வாயும் வறண்டு மூட்டும் வலித்தாலும் துணியோடு உட்கார்ந்துவிடாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். நீர்க் குறைவுக்காரர்களுக்குக் கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு அடைப்பான், சைக்ளோஸ்போரின் சொட்டு என்று வழிகள் இருக்கின்றன. எனக்கு இப்போதைக்குப் பிளாஸ்க் போதும். வீட்டில்தான், "காப்பிக்கு வச்ச பிளாஸ்க்க எங்கீங்க காணோம்?" என்று தினமும் சண்டை.