கண்ணளவை நம்பி வீணாக்கிய பேட்டரிகள்: த்ரோ மீட்டருடன் மூன்று வருடம்

வானத்தில் லூப் (செங்குத்து வட்டம்) போடும்போதெல்லாம் என் ரேடியோ கண்ட்ரோல் மாடல் விமானம் இடப்பக்கமாகவே சரிந்து வந்தது. முதலில் காற்றைக் குறை சொன்னேன், அப்புறம் மோட்டாரை, கடைசியில் என் கையையே. ஒரு நாள் எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) இரண்டு பாதியிலும் த்ரோ மீட்டரை, அதாவது மடல் திரும்பும் அளவை (த்ரோ) டிகிரியில் காட்டும் கருவியை, மாட்டிவிட்டு ட்ரான்ஸ்மிட்டர் ஸ்டிக்கை முழுக்க இழுத்துப் பார்த்தேன். இடப்பக்கம் 14 டிகிரி, வலப்பக்கம் பன்னிரண்டரை. 3டி ரேட்டுக்கு, அதாவது சாகசப் பறப்புக்கான பெரிய அசைவுக்கு மாற்றினால் வித்தியாசம் 5 டிகிரியைத் தாண்டியது. ஸ்டிக் நடுவில் இருக்கும்போது மட்டும் இரண்டும் கோடு போட்டதுபோல் நேராக நின்றன. அதனால்தான் இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

காரணம் அற்பமானது. வலப்பக்க சர்வோவின் (மடலை அசைக்கும் சின்ன மோட்டார்) ஆர்மை, அதாவது அதன் தண்டில் மாட்டும் கையை, ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தேன். 25 பல் உள்ள தண்டில் ஒரு பல் என்றால் 14.4 டிகிரி. அந்தச் சாய்வைச் சரிசெய்யாமல், புஷ்ராட் (சர்வோவையும் மடலையும் இணைக்கும் கம்பி) நுனியில் உள்ள கிளெவிஸ் கொக்கியைத் திருகி எலிவேட்டரை மட்டம் ஆக்கி வேலையை முடித்திருக்கிறேன். ஆர்ம் புஷ்ராடுக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் மேலே போகும் அளவும் கீழே போகும் அளவும் ஒன்றாக இருக்காது. ஆர்மைக் கழற்றிச் சரியான பல்லில் மாட்டினேன். மிச்சம் இருந்த ஒன்றிரண்டு டிகிரிக்கு மட்டும் ட்ரான்ஸ்மிட்டரில் சப் ட்ரிம் (சர்வோவின் நடுநிலையைத் திருத்தும் செட்டிங்) கொடுத்தேன். லூப் நேரானது.

நான் பயன்படுத்துவது இரண்டு சென்சார் கொண்ட டிஜிட்டல் மீட்டர். கிளிப்பால் சர்ஃபேஸை (அசையும் மடல்) கவ்வவிட்டால் கோணம் திரையில் வந்துவிடும். விமானம் ஒன்றரை மீட்டர் இறக்கை கொண்ட ஒரு ஃபோம் ஏரோபாட்டிக் மாடல். மூன்று வருடமாக அதே விமானம், அதே மீட்டர்.

மீட்டரின் பெரிய லாபம் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் ஒப்பிட முடிவதுதான். குறைகளும் உண்டு. அது புவியீர்ப்பை வைத்துச் சாய்வை அளக்கிறது. அதனால் விமானம் சக்கரத்தில் நிற்கும்போது ரடரை (செங்குத்து வால் மடல்) அளக்க முடியாது, பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். ஹிஞ்ச் கோடு (மடல் திரும்பும் கீல்) சரிவாக இருக்கும் இறக்கையில் சென்சாரை அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக வைக்காவிட்டால் எண் குறைவாகவே காட்டும். இது புரியாமல் ஒரு மாலை முழுக்க ஏலரானோடு (இறக்கை மடல்) மல்லுக்கட்டியிருக்கிறேன். திரை 0.1 டிகிரி வரை காட்டுகிறது என்பதற்காக அதையும் துரத்த வேண்டாம். சர்வோ பல்லின் ஆட்டமே அதைவிட அதிகம்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு அளவுகோலே போதும். ஹிஞ்சிலிருந்து பின் விளிம்பு வரை 60 மில்லிமீட்டர் என்றால், அந்த விளிம்பு 30 டிகிரிக்கு ஏறக்குறைய 31 மில்லிமீட்டரும் 45 டிகிரிக்கு 46 மில்லிமீட்டரும் நகர வேண்டும். எப்படி அளந்தாலும் முதலில் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். மேசையில் ஸ்டிக்கை ஆட்டிக்கொண்டிருக்கும்போது த்ராட்டில் மேல் கை பட எவ்வளவு நேரம் ஆகும்?

இப்போது என் அளவுகள் இவை. லோ ரேட்டில் (சாதாரணப் பறப்புக்கான சிறிய அசைவு) எலிவேட்டர் 12, ஏலரான் 18, ரடர் 25 டிகிரி, எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும் செட்டிங்) 25 சதவீதம். 3டி-யில் எலிவேட்டரும் ரடரும் 45, ஏலரான் 35, எக்ஸ்போ 55. வாங்கிய புதிதில் லோ ரேட் எலிவேட்டரையே 20 வைத்திருந்தேன். வருடம் ஏற ஏற லோ ரேட் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பேட்டரியை இன்னும் பின்னால் தள்ளினால் அந்த 12-ம் அதிகமாகத் தெரியும். அதனால் ஈர்ப்பு மையத்தை முடிவு செய்யாமல் த்ரோவைத் தொடுவதே இல்லை.

ஆரம்பத்தில் செய்த பெரிய தப்பு வேறு. 3டி ஆசையில் நீள ஆர்மைப் போட்டுவிட்டு, அதிகமாகத் தெரிந்ததும் ட்ரான்ஸ்மிட்டரில் எண்ட் பாயிண்ட்டை (சர்வோ ஓட்டத்தின் எல்லை) 50 சதவீதத்துக்குக் கீழே இறக்கினேன். சர்ஃபேஸ் சரியான கோணத்தில்தான் நின்றது. ஆனால் சர்வோ தன் ஓட்டத்தில் பாதியைக்கூடப் பயன்படுத்தவில்லை. நீள ஆர்மால் தள்ளும் பலம் குறைந்தது, சர்வோவின் ஆட்டம் பெரிதாகி சர்ஃபேஸுக்குப் போனது. வேகமாகக் கீழ்நோக்கி வந்த ஒரு நாள் ஏலரான் கிர்ர்ரென்று அதிர்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஃப்ளட்டர். ஹிஞ்ச் கிழியாமல் இறங்கியது அதிர்ஷ்டம். இப்போதெல்லாம் 3டி-க்குத் தேவையான கோணம் எண்ட் பாயிண்ட் 100-ஐ ஒட்டியே வரும்படி ஆர்மின் ஓட்டையையும் ஹார்னின் (புஷ்ராட் மடலோடு சேரும் கொம்பு) ஓட்டையையும் தேர்ந்தெடுக்கிறேன். கடைசிச் சின்னத் திருத்தம்தான் ட்ரான்ஸ்மிட்டரில். ஹார்னின் ஓட்டை ஹிஞ்ச் கோட்டுக்கு நேர் மேலே இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவேன். முன்னே பின்னே இருந்தால் மேல், கீழ் அளவுகள் மறுபடி மாறும்.

எக்ஸ்போவில் ஒரு எச்சரிக்கை. ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்க ஃபுடாபாவில் மைனஸ், ஸ்பெக்ட்ரமில் பிளஸ். வேறு பிராண்ட் வைத்திருந்த நண்பரின் எண்ணை அப்படியே என் ட்ரான்ஸ்மிட்டரில் போட்டுப் பறக்கவிட்டேன். விரல் நுனி பட்டாலே விமானம் துள்ளியது. போட்டதும் ஸ்டிக்கை மெதுவாக நகர்த்தி மேசையிலேயே பார்த்திருக்கலாம், ஒரு நிமிட வேலை.

எலிவேட்டர், ஏலரான், ரடர் மூன்றின் ரேட்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச் வைத்திருந்ததும் வினையானது. 3டி-யில் ஹோவர் (மூக்கை மேலே வைத்து ஓரிடத்தில் நிறுத்துவது) செய்துவிட்டு ஏலரானை மட்டும் லோ ரேட்டுக்கு இறக்கி, எலிவேட்டரை மறந்து தரையிறங்க வந்தேன். லேசாக இழுத்ததும் மூக்கு வானத்தைப் பார்த்தது, அங்கேயே ஸ்டால், அதாவது இறக்கை தூக்கும் பலத்தை இழந்தது. ஒரு லேண்டிங் கியர் போயிற்று. அன்றிலிருந்து எல்லாம் ஒரே ஸ்விட்சில், எக்ஸ்போவும் சேர்த்து.

போன சீசனில் மீட்டர் எதிர்பாராத இன்னொரு உதவி செய்தது. த்ரோ எண்கள் மாறவே இல்லை, ஆனால் எலிவேட்டரை விரலால் ஆட்டினால் ஒன்றரை டிகிரி இப்படியும் அப்படியும் போனது. ஹார்னின் பிளாஸ்டிக் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. ஹார்னை மாற்றி, கிளெவிஸை எடுத்துவிட்டு பால் லிங்க் (உருண்டை மூட்டு) போட்டேன். இப்போது பத்துப் பன்னிரண்டு பறப்புக்கு ஒருமுறை த்ரோவோடு இந்த ஆட்டத்தையும் பார்க்கிறேன்.

இன்னும் தீராதது நைஃப் எட்ஜ், அதாவது இறக்கை செங்குத்தாக நிற்கப் பக்கவாட்டில் பறப்பது. ரடர் கொடுத்தால் விமானம் சக்கரத்தின் பக்கம் இழுக்கிறது. ரடரிலிருந்து எலிவேட்டருக்கு 6 சதவீத மிக்ஸ் (ரடரோடு எலிவேட்டரும் தானாக அசையும் செட்டிங்) கொடுத்திருக்கிறேன். வலது ரடருக்குக் கனகச்சிதம். இடதுக்கு 6 போதவில்லை, 8 அதிகம். அடுத்த பேட்டரிக்கு 7.