கால் ரத்த ஓட்டம் பாக்குற ஏபிஐ டெஸ்ட்: லேப்ல எடுத்த விதத்துக்கு ஃபுல் மார்க், டாக்டர் ரூமுக்கு பாதிதான்

கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்குது, ரெண்டு நிமிஷம் நின்னா விட்டுடுது, திரும்ப நடந்தா திரும்பப் பிடிக்குதுன்னு அப்பா சொன்னதுக்கு ஆளாளுக்கு நரம்பு வீக்குன்னாங்க, ஒரு மருந்துக்கடையில வெரிகோஸுக்கு, அதான் கால் நரம்பு சுருட்டிக்கிறதுக்குப் போடுற டைட் ஸ்டாக்கிங்ஸையே எடுத்து நீட்டிட்டாங்க. ரத்தம் உள்ள போறதே கம்மியா இருக்குற காலை இன்னும் இறுக்குனா என்னாகும், புண்ணுதான் வரும்.

வாஸ்குலர் லேப்ல, அதாவது ரத்தக்குழாய் டெஸ்ட் பண்ற எடத்துல, எல்லாம் நிதானமா நடந்துச்சு. பத்து நிமிஷம் சும்மா படுக்க வெச்சுட்டு ரெண்டு கை, ரெண்டு கணுக்கால்னு பிரஷர் எடுத்தாங்க. ஸ்டெத் கிடையாது, ரத்தம் ஓடுற சத்தத்தைக் கேக்க வைக்குற பேனா சைஸ் டாப்ளர் ப்ரோப்தான், ஜெல் தடவி பாதத்து மேல ஒரு தடவை, உள்பக்க கணுக்காலுக்குப் பின்னாடி ஒரு தடவை, உஷ் உஷ்னு சத்தம் கிடைக்குற வரைக்கும் பொறுமையா தேடுனாங்க. கணுக்கால் பிரஷரை கை பிரஷரால வகுத்து வர்ற நம்பர்தான் ஏபிஐ. 1.0லேருந்து 1.4 வரைக்கும் நார்மல், 0.90ம் அதுக்குக் கீழயும் இருந்தா அடைப்புன்னு அர்த்தம்.

அப்பாவுக்கு இடது 0.68, வலது 1.46. வலது சூப்பர்னு எழுதிக் குடுத்து அனுப்பிருக்கலாம், ஆனா அந்த டெக்னீஷியன் பொண்ணு நிறுத்தி, "ஐயா, சுகர் ரொம்ப வருஷமா இருக்கா?"ன்னு கேட்டுச்சு. ஆமாம்மான்னாரு. "அப்ப ரத்தக்குழாய்ல கால்சியம் படிஞ்சு பிரஷர் பாக்கக் கட்டுற கஃப் அழுத்துனாலும் அமுங்காதுங்க, இந்த நம்பரை நம்பக்கூடாது, கால் கட்டைவிரல்ல பாத்துடுறேன்"னு சின்ன கஃப் ஒண்ணு மாட்டுச்சு. அதையும் கை பிரஷரால வகுத்து வந்தது 0.52, அங்க 0.70க்குக் கீழ போனாலே பிரச்சனை. சுகர்காரங்க எங்க எடுத்தாலும் கால்விரல் பிரஷரும் கேட்டு வாங்குங்க.

டாக்டர் உடனே ஸ்டென்ட், ஆபரேஷன்னு பயமுறுத்தல, நடக்கும்போது மட்டும் வலிச்சா மொதல்ல மருந்தும் நடையும்தான்னாரு, அது பிடிச்சுது. கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், ரத்தம் கட்டாம இருக்க க்ளோபிடோக்ரெல் 75 எழுதுனாரு, வலியில்லாம நடக்குற தூரத்தைக் கூட்டுற சிலோஸ்டசோல் குடுக்குறதுக்கு முன்னாடி ஹார்ட் ஃபெயிலியர் இருக்கான்னு விசாரிச்சாரு, சிகரெட்டைப் பத்தி நல்லாவே டோஸ் விட்டாரு. ஆனா "வாக்கிங் போங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரே, அதுதான் கடுப்பு. வலி ஓரளவு ஏறுற வரைக்கும் நடந்து, நின்னு, சுத்தமா போனதும் திரும்ப நடக்கணும், இப்படி 30லேருந்து 45 நிமிஷம், வாரத்துல 3 நாள், கொறஞ்சது 12 வாரம், இதெல்லாம் நாங்களா ஃபிசியோகிட்ட போய்க் கேட்டதுக்கப்புறம் தெரிஞ்சது. கேக்காதவங்க வலி வந்ததும் பயந்துபோய் நடையையே விட்டுடுவாங்க.

ராத்திரி படுத்திருக்கும்போதே பாதம் வலிச்சா, புண்ணு ஆறலன்னா, விரல் கறுத்தா அன்னிக்கே வரணும்ங்கறதையும் ரிப்போர்ட்லயே பெருசா அடிச்சுக் குடுக்கலாம்.

அஞ்சுக்கு நாலு. கொறைச்ச ஒண்ணுல பாதி டாக்டருக்கு, மீதி பாதி லிஃப்ட் இல்லாத மாடியில லேபை வெச்சதுக்கு, நடந்தா கால் வலிக்குற ஆளுங்கதானே அங்க வர்றாங்க!