மூன்று கீசருக்குப் பதில் ஒரு ஹீட் பம்ப்: யாருக்குக் கட்டுப்படியாகும்?

பாத்ரூமில் தொங்கும் 25 லிட்டர் கீசரின் உள்டேங்க் சொட்ட ஆரம்பித்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. எலிமென்ட், தெர்மோஸ்டாட் போனால் மாற்றலாம். டேங்க் ஓட்டையை அடைத்து வாங்குவது வீண் செலவு. அந்த நேரம் பார்த்துத்தான் கடைக்காரர் ஆரம்பிப்பார்: “எதுக்கு சார் மறுபடியும் கீசர்? மாடியில ஒரு ஹீட் பம்ப் வெச்சிடுங்க, கரண்ட் மூணுல ஒரு பங்குதான்.” பொய் சொல்லவில்லை. ஆனால் எதில் மூன்றில் ஒரு பங்கு என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ஹீட் பம்ப், ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி. ஏசி அறையின் சூட்டை வெளியே தள்ளும். இது வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளும். கம்ப்ரெசருக்கு ஒரு யூனிட் கரண்ட் கொடுத்தால் தண்ணீருக்கு மூன்று யூனிட் அளவு சூடு வந்து சேரும். இந்த மடங்குக்குத்தான் சி.ஓ.பி. என்று பெயர். அட்டையில் 4 என்று போட்டிருந்தால், எந்தக் காற்று வெப்பத்தில், தண்ணீரை எத்தனை டிகிரியிலிருந்து எத்தனை டிகிரிக்கு ஏற்றி அளந்தது என்று கேளுங்கள். அது இல்லாத எண் வெறும் அலங்காரம்.

இனி வாளிக் கணக்கு. சென்னையில் காலையில் மேல்தொட்டித் தண்ணீர் 26 டிகிரி, குளிக்க 40 டிகிரி என்று வைப்போம். 20 லிட்டர் வாளி ஒன்றை 14 டிகிரி ஏற்ற 280 கிலோ கலோரி வேண்டும். ஒரு யூனிட் என்பது 860 கிலோ கலோரி. ஆக, வாளிக்கு 0.33 யூனிட். நாலு பேர், ஆளுக்கு ஒரு வாளி என்றால் கீசரில் நாளுக்கு 1.3 யூனிட். ஹீட் பம்பில் 0.43. இரண்டு மாத பில்லில் மிச்சம் சுமார் 52 யூனிட். இதற்காக லட்ச ரூபாயைத் தாண்டும் கருவியை மாடியேற்றுவது அநியாயம். அந்த வீட்டுக்கு 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் போதும். 14 டிகிரி ஏற்றி நிமிடத்துக்கு 3 லிட்டர் தரும், வாளி ஆறேழு நிமிடத்தில் நிறையும், தேக்கி வைத்து ஆறவிடும் நஷ்டமே கிடையாது.

ஆறு பேர், எல்லோரும் ஷவர், ஆளுக்கு 50 லிட்டர் என்றால் கதை மாறும். 300 லிட்டருக்கு 4.9 யூனிட். ஹீட் பம்பில் 1.6. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று போட்டாலும், வருடம் முழுக்க வெந்நீர் ஓடினால் ஆண்டுக்கு 9,600 ரூபாய். மூன்று புதுக் கீசர் வாங்கும் செலவைக் கழித்த பிறகும் முதலைத் திரும்ப எடுக்க ஏழெட்டு வருடம் பிடிக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் வெந்நீர் என்கிற வீடுகளுக்கு அதுவும் தேறாது. இருமாத ரீடிங் 500 யூனிட்டைத் தொட்டுத் தொட்டு நிற்கிறதென்றால் மட்டும் கணக்கைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். 500-ஐத் தாண்டினால் கீழ் ஸ்லாபின் ரேட்டும் சேர்ந்து ஏறும்.

மலை ஊர்களில் ஹீட் பம்ப் திணறும் என்று ஒரு பேச்சு உண்டு. குளிர்காற்றில் சி.ஓ.பி. இறங்குவது நிஜம்தான். ஆனால் ஊட்டி மாதிரி ஊரில் தண்ணீரே 14 டிகிரி என்றால் அதே 300 லிட்டருக்கு 9 யூனிட் வேண்டும். சி.ஓ.பி. 2.5-க்கு இறங்கினாலும் நாளுக்கு 5.4 யூனிட் மிச்சம், அதுவும் வருடம் பூராவும். திணறினாலும் அங்கேதான் காசு சீக்கிரம் திரும்பும். விடியற்காலைப் பனியில் ஓடவிடாமல் டைமரைப் பகல் வெயில் நேரத்துக்கு வைத்தால் போதும்.

டேங்க் அளவு: சென்னைக் கணக்கில், 55 டிகிரி தண்ணீரை 26 டிகிரிப் பச்சைத் தண்ணீரோடு கலந்து 300 லிட்டர் 40 டிகிரி எடுக்க, டேங்கிலிருந்து 145 லிட்டர் போகும். அதனால் 150 லிட்டர் போதும் என்பார்கள். போதாது. வெந்நீர் மேலே போகப் போகக் கீழே பச்சைத் தண்ணீர் ஏறும், கடைசி ஐந்தில் ஒரு பங்கு வெதுவெதுப்பாகத்தான் வரும். 200 லிட்டராக எடுங்கள்.

கருவியைவிட அதைப் பொருத்தும் விதத்தில்தான் அதிகம் கெடுகிறது. முதல் சிக்கல் உயரம். டேங்கும் கம்ப்ரெசரும் ஒரே உடலாக வரும் 200 லிட்டர் ஹீட் பம்ப் ஏறத்தாழ ஆள் உயரம். சின்டெக்ஸ் தொட்டி மாடித் தரையிலேயே உட்கார்ந்திருந்தால் தண்ணீர் ஹீட் பம்பின் உச்சி வரை ஏறாது. காற்று அடைத்துக்கொள்ளும், குழாயில் புஸ்ஸென்று சத்தம்தான் வரும். தொட்டியின் அடிப்பாகம் ஹீட் பம்பின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். படிக்கட்டு ஹெட்ரூம் மேலே தொட்டி வைத்த வீடுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. மற்றவர்களுக்குப் பிரஷர் பம்ப் தேவை. அப்படி வைத்தால் பச்சைத் தண்ணீர் லைனும் அதே பம்பிலிருந்து போகட்டும். ஒன்று பம்பிலும் இன்னொன்று தொட்டியிலும் என்றால், சிங்கிள் லீவர் மிக்சரில் அழுத்தம் கூடிய பச்சைத் தண்ணீர் வெந்நீர் லைனுக்குள்ளேயே திரும்பிப் போகும். அப்புறம் ‘மெஷின் சுடவில்லை’ என்று சர்வீஸ்காரரைக் கூப்பிடுவோம்.

எடை இரண்டாவது. தண்ணீரே 200 கிலோ, கருவியோடு 300-ஐ நெருங்கும். ஸ்லாபின் நடுவில் வைக்காமல் பீம் அல்லது தூண் மேல் வரும் இடத்தைப் பாருங்கள். மாடிப்படியில் படுக்கவைத்துத் தூக்கியிருந்தால், நிமிர்த்தி வைத்து ஒரு நாள் சும்மா விடுங்கள். கம்ப்ரெசர் ஆயில் திரும்ப இறங்க வேண்டும். வந்த ஆள் அவசரப்பட்டு அன்றே ஓட்டிக் காட்டுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்.

பைப்புக்குச் சி.பி.வி.சி., மேலே 13 மி.மீ. நைட்ரைல் ரப்பர் உறை. யு.பி.வி.சி. வெந்நீருக்கு ஆகாது, இளகி வளைந்து ஜாயின்ட் விடும். மாடியிலிருந்து கீழ்த்தளப் பாத்ரூமுக்கு 15 மீட்டர் என்றால் முக்கால் இஞ்சுப் பைப்பில் 4 லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும். அரை இஞ்சில் 2 லிட்டருக்கும் குறைவு. ஒரே குழாய்க்குப் போகும் லைனை அரை இஞ்சாக இறக்குவது பிளம்பருக்குப் பிடிக்காது, உங்களுக்குப் பிடிக்கும். சுவரை உடைக்கவும் வேண்டாம். பழைய கீசரின் வெந்நீர் ஆங்கிள் காக்கிலிருந்து மிக்சர் வரை சுவருக்குள் லைன் ஏற்கெனவே இருக்கிறது. டக்ட் வழியாக இறக்கும் பைப்பை அங்கே கோத்துவிட்டு, பச்சைத் தண்ணீர் முனையைப் பித்தளைப் பிளக் போட்டு மூடினால் முடிந்தது. அந்தச் சுவர் லைன் பழைய ஜி.ஐ. இரும்புப் பைப் என்றால் மட்டும் மாற்றியே ஆக வேண்டும், துரு அவ்வளவும் ஷவரில் கொட்டும்.

கீசரைக் கழற்றும்போது எம்.சி.பி.யை இறக்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்து, ஆங்கிள் காக்கை மூடி, கீழ் இன்லெட் வழியே 25 லிட்டரையும் வடித்த பிறகே ஆங்கர் போல்ட்டில் கை வையுங்கள்.

ஹீட் பம்ப் டேங்குக்குள் போகும் பச்சைத் தண்ணீர் லைனில், தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் என்.ஆர்.வி. வால்வு போடுவார்கள். அது இருந்தால் விரியும் தண்ணீருக்குத் திரும்பிப் போக வழியில்லை. 200 லிட்டர் 26-லிருந்து 55 டிகிரி ஏறும்போது 2 லிட்டருக்குச் சற்று மேல் விரியும். அது சேஃப்டி வால்வு வழியே சொட்டும். இது பழுது இல்லை. சொட்டுகிறதே என்று யாராவது எண்ட் கேப் போட்டு மூடினால் அது பாய்லர் வெடிகுண்டு. அந்த வாய்க்கும், காற்றிலிருந்து வடியும் ஓரிரு லிட்டர் தண்ணீருக்கும் தனித்தனிப் பைப் போட்டு மழைநீர்க் குழாய்க்குக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் தட்டோட்டில் பாசி பிடிக்கும்.

கரண்டுக்கு 2.5 சதுர மி.மீ. காப்பர் ஒயர், தனி 16 ஆம்ப் எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த். டேங்க் நிரம்பி, குழாயில் காற்றில்லாமல் தண்ணீர் வந்த பிறகே சுவிட்ச்.

சேமிப்பைச் சத்தமில்லாமல் தின்பது மோட் செட்டிங். உள்ளே 1.5 அல்லது 2 கிலோவாட் எலிமென்ட் ஒன்று துணைக்கு இருக்கும். ‘ஹைபிரிட்’, ‘பாஸ்ட்’ என்று வைத்துவிட்டுப் போனால் அது ஓடிக்கொண்டே இருக்கும், அப்போது நீங்கள் வாங்கியது விலை கூடிய கீசர். எலெக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டர் இருக்கும். கம்ப்ரெசர் மட்டும் ஓடினால் 3 ஆம்ப் சுற்றுவட்டாரம் காட்டும். 9, 10 காட்டினால் எலிமென்ட் ஓடுகிறது. தினசரி 50 அல்லது 55 டிகிரி போதும். வாரம் ஒருமுறை 60-க்கு ஏற்றிவிட்டால் டேங்கில் கிருமி தங்காது.

போர் தண்ணீர் வீடுகளுக்கு ஒரு நல்ல செய்தியும் ஒரு கெட்ட செய்தியும். கீசர் எலிமென்ட் மேல் ஓடு ஓடாகக் கட்டும் சுண்ணாம்பு இதில் அந்த அளவு கட்டாது. சூடு தரும் காயில் டேங்கின் வெளிப்புறம் சுற்றியது என்றால் தண்ணீர் அதைத் தொடுவதே இல்லை. கெட்டது, டேங்க் துருப்பிடிக்காமலிருக்கத் தான் கரைந்துபோகும் மக்னீசியம் கம்பியை, அதாவது ஆனோடை, தண்ணீரிலுள்ள உப்பு வேகமாகத் தின்னும். சாஃப்ட்னர் போட்டால் தப்பலாம் என்பது தவறு, அதன்பின் ஆனோடு இன்னும் சீக்கிரம் கரையும். வருடம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆனோடு மாற்றிய பில்லைப் பத்திரமாக வையுங்கள், டேங்க் வாரண்டி கேட்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடற்கரைப் பக்கம் என்றால் காற்று படும் மெல்லிய தகடுகளுக்கு (ஃபின்) பூச்சு போட்ட மாடலாகக் கேட்டு வாங்கி, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் லேசாக அலசிவிடுங்கள்.

கொட்டேஷன் கேட்கும்போது பைப் உறை, வடிகால் பைப், பிரஷர் பம்ப், மாடிக்குத் தூக்கும் கூலி நான்கையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ‘இன்ஸ்டலேஷன் ஃப்ரீ’ என்பதில் பெரும்பாலும் இந்த நான்கும் இருக்காது.