நைட்டிக்கும் லேபிள் வெட்டியிருந்தது: கோவையில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 5,429 ரூபாய் போன கதை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வருஷம் செக்கிங் மேசையில் நின்றவள் நான். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, ஷேடு மாறியது என்று நாள் முழுக்கப் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கை இது. இந்தக் கையில்தான் பாலியஸ்டரைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விவரம் தெரியாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

ஏப்ரல் மாதம். சென்னையிலிருந்து அக்காவும் அக்கா மகளும் லீவுக்கு வந்திருந்தார்கள். பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊரில் வெயில் எப்படிக் காயும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புள்ளை கொண்டுவந்த துணியெல்லாம் இறுக்கமாக இருந்தது. "சித்தி, காட்டன்ல லூசா நாலு டிரஸ் எடுக்கலாமா?" என்று கேட்டவள், அதோடு ஒரு ரீல்ஸையும் காட்டினாள். "கையில ரெண்டாயிரத்து ஐநூறு ரூபா இருந்தாப் போதுங்க, கோயமுத்தூர்ல ஒரு சண்டே, துணியும் ஆச்சு, பிரஞ்சும் ஆச்சு" என்று ஒரு பொண்ணு நம்ம ஊர்ப் பேச்சில் இழுத்து இழுத்துப் பேசியது. துணிக்கு, ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் மட்டும் நடக்கும் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் மேளா. சாப்பாட்டுக்கு, அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு உணவகத்தில் ஆளுக்கு 499 ரூபாயில் அளவில்லாத கொங்கு பிரஞ்ச் (brunch).

காசு வாங்கிக்கொண்டு விளம்பரம் செய்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியிலேயே இன்ஃப்ளூயன்சர்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. அந்த ரீல்ஸில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. நானும் அப்போது அதைத் தேடவில்லை.

சரி, மண்டபத்துக்கு வருகிறேன். வாசலில் ஹேங்கரில் மாட்டியிருந்த டிசர்ட்டைத் தொட்டேன். அருமையான துணி. நல்ல சிங்கிள் ஜெர்சி (டிசர்ட்டுக்கு வரும் மெல்லிய பின்னல் துணி), 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) இருக்கும், பிசிறு போகப் பயோ வாஷ் செய்த வழவழப்பு கையிலேயே தெரிந்தது. கோடைக்கு அதுதான் அளவு. 180-க்கு மேலே போனால் குளிர் ஊருக்குத்தான் லாயக்கு, நமக்குப் போட்டதும் முதுகு ஊறும். கழுத்தில் லேபிளைப் பாதியாக வெட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. என்னைக் கவிழ்த்ததே அந்த வெட்டுத்தான்.

தெரியாதவர்களுக்காக: வெளிநாட்டு ஆர்டர் வந்தால் கேட்ட எண்ணிக்கையைவிடச் சதவீதக் கணக்கில் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டித் தைப்பார்கள். செக்கிங்கில் கழிந்து போவதை ஈடுகட்ட அது வேண்டும். ஷிப்மென்ட் போன பிறகு மிஞ்சுவதும், ஆர்டர் ரத்தாகி நிற்பதும்தான் சர்ப்ளஸ். அந்த பிராண்டின் பெயரோடு அதை இங்கே விற்கக் கூடாது என்பதால் லேபிளை வெட்டிவிடுவார்கள், இல்லை மார்க்கரில் கோடு போடுவார்கள். ஆக, லேபிள் வெட்டியிருந்தால் நல்ல சரக்கு என்று ஜனங்களுக்குப் பழகிப்போய்விட்டது. இப்போது வெட்டுவதற்கென்றே லேபிள் வைத்துத் தைக்கிறார்கள் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நான் வாங்கிய நைட்டிக்கும் லேபிள் வெட்டியிருக்கிறது. நெஞ்சில் ஃபிரில் வைத்து, சைடில் பாக்கெட் வைத்த நைட்டியை எந்த ஜெர்மன்காரன் ஆர்டர் கொடுத்தான்? அங்கே மண்டபத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை.

ஏன் உறைக்கவில்லை என்று பிற்பாடு யோசித்தேன். ஹேங்கரில் இருப்பது பார்க்க மட்டும். "எந்த சைஸுங்க்கா?" என்று கேட்டுவிட்டு, மேசைக்குக் கீழே இருந்து ஒட்டிய கவரில் வேறு பீஸை எடுத்துக் கொடுக்கிறார்கள். பிரிக்கப் போனால், "கவரைப் பிரிச்சா எடுத்துக்கோணுங்க்கா, அப்பறம் வேற யாரும் வாங்க மாட்டாங்க." இன்னொரு பக்கம் மைக்கில் ஒருத்தர், இன்னும் அரை மணி நேரம்தான் இந்த விலை என்று கத்திக்கொண்டே இருக்கிறார். பின்னால் நிற்பவர்கள் இடிக்கிறார்கள். ஆறு வருஷம் பீஸைப் பிரித்துப் பார்த்தே சம்பளம் வாங்கியவள், என் சொந்தக் காசில் வாங்கும்போது ஒரு கவரைக்கூடப் பிரிக்கவில்லை.

வீட்டுக்காரருக்கு மூன்று டிசர்ட் 500, புள்ளைக்கு இரண்டு காட்டன் குர்த்தி 700, எனக்கும் அக்காவுக்கும் நைட்டி 550, மாமனாருக்கு லினன் சட்டை 450. ஆக 2,200. லினன் என்பது பருத்தி இல்லை, ஆளி நார். மீட்டர் கணக்கில் துணியாக வாங்கினாலே காட்டனைவிட எவ்வளவோ விலை. தைத்த சட்டை 450-க்கு வராது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆசை கண்ணை மறைத்தது, வேறொன்றும் இல்லை. பில் கேட்டதற்குச் சின்னத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுத்தார்கள். கீழே ரப்பர் ஸ்டாம்ப்: மாற்றித் தரப்பட மாட்டாது. கடைப் பேர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. ஜிபேயில் போட்ட பணம் யாரோ ஒரு தனி ஆள் பேருக்குப் போயிற்று.

அங்கிருந்து பிரஞ்சுக்குப் போனோம். காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் பதினோரு மணிக்குச் சாப்பிடுவதற்கு இப்போது அப்படிப் பேர். விடிகாலையில் தண்ணி கட்டப் போய்விட்டுப் பதினோரு மணிக்கு வந்து கம்மஞ்சோற்றைக் கரைத்துக் குடித்த எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) காலமெல்லாம் பிரஞ்ச்தான் சாப்பிட்டிருக்கிறார், பேர் தெரியாமல்.

ஆளுக்கு 200 ரூபாய் முன்பணம் கட்டித்தான் மேசை பிடித்திருந்தோம். போய் உட்கார்ந்த பிறகு சொல்கிறார்கள், 499 திங்கள் முதல் வியாழன் வரைக்குமாம். ஞாயிற்றுக்கிழமை 699. எழுந்து போனால் கட்டிய 800 வராது. உட்கார்ந்தோம்.

எனக்குச் சந்தகை, எங்கள் பக்கத்து இடியாப்பம், என்றால் உயிர். அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டில் ஊறப்போட்ட புழுங்கலரிசியை ஆட்டி, இட்லியாக ஊற்றி வேகவைத்து, ஆவி பறக்கிற சூட்டிலேயே பிழிவார்கள். ஆறினால் இறங்காது. அப்புச்சி (அம்மாவின் அப்பா) அழுத்த, அம்மாயி தட்டைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க, நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். முதல் சுற்று ஏலக்காய் போட்ட தேங்காய்ப்பாலும் வெல்லமும். அடுத்தது எள்ளும் வெல்லமும் இடித்த பொடி. மிச்சமிருப்பதை எலுமிச்சம்பழம் பிழிந்து தாளித்து வைத்தால் அது மத்தியானத்துக்கு. இங்கே தட்டில் வந்தது பாக்கெட்டில் விற்கும் காய்ந்த சேமியாவை வெந்நீரில் போட்டு எடுத்தது. கரண்டியால் தூக்கினால் ஒரே கட்டியாக வருகிறது. தேங்காய்ப்பாலில் மாவு அடியில் தங்கியிருந்தது, பவுடர் கரைத்தது என்று அக்கா வாயில் வைத்ததுமே சொன்னாள். அரிசிம்பருப்பு என்று எழுதி வைத்திருந்த பாத்திரத்தில் சாம்பார் சாதம். சின்ன வெங்காயமும் இல்லை, பூண்டும் இல்லை, மேலே ஊற்ற நெய்யும் இல்லை. கொள்ளு ரசம் மட்டும் நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கம்மங்கூழும் கச்சாயப் பலகாரமும் கேட்டபோது தீர்ந்துவிட்டது என்றார்கள். மணி அப்போது 12.10. ஒரு மணி வரைக்கும் அளவில்லாமல் என்று வாசலில் போர்டு.

பில் வந்தது. நான்கு பேருக்கு 2,796. அதன்மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 279 ரூபாய் 60 காசு. இரண்டையும் கூட்டி அதன்மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 3,229. முன்பணத்தைக் கழித்துக்கொண்டார்கள், அதில் குறையில்லை.

சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொன்னேன். மேனேஜர் வந்தார். "கம்பெனி பாலிசிங்க மேடம், எல்லாருக்கும் போடறதுதாங்க." மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. சர்வீஸ் சார்ஜ் அரசாங்க வரி இல்லை, உணவகம் தானாகப் போட்டுக்கொள்வது. பில்லில் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது, உணவு விலையோடு கூட்டி ஜிஎஸ்டி போடவும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லியிருக்கிறது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. இதையெல்லாம் அங்கே நின்று பேச எனக்குத் தைரியம் வரவில்லை. வீட்டுக்காரர் வேறு, "விடு, நாலு பேர் பாக்கறாங்க" என்றார். கட்டிவிட்டு, பில்லை மட்டும் பத்திரமாக மடித்துப் பர்ஸில் வைத்தேன்.

துணி கதை புதன்கிழமை வெளியே வந்தது. ஒரே ஒரு தண்ணீர்தான் அலசினோம். டிசர்ட்டின் சைடு தையல் முறுக்கிக்கொண்டு தொப்புளுக்கு வந்துவிட்டது. துணியைச் சரியாக ஆறப்போடாமல், காம்பாக்டிங் (பிறகு சுருங்காமல் இருக்க மெஷினில் அழுத்தி எடுப்பது) செய்யாமல் வெட்டினால் முறுக்கு அப்படித்தான் வெளியே வரும். குர்த்தியின் சிவப்பு, பக்கெட்டில் கிடந்த வேட்டி வரைக்கும் ஏறிவிட்டது. மாமனார் லினன் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு சீர் விசேஷத்துக்குப் போய், பாதியில் வந்து கழற்றி வீசினார். "ஏன் கண்ணு, இதென்ன சாக்குல தெச்சதா?" என்று கேட்டார்.

அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். உள்பக்கம் மடித்துத் தைத்திருக்கும் ஓரத்திலிருந்து துணியின் நூலை உருவி, அடுப்பில் காட்டினேன். தையல் நூலை எரித்துப் பார்க்காதீர்கள், சுத்தக் காட்டன் உடுப்பிலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் தேய்த்தால் மாவாகப் போகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கறுப்பாக, நகத்தால் நசுக்க முடியாத மணியாக நிற்கும். டிசர்ட்டில் இரண்டும் இருந்தது, பாலியஸ்டரும் காட்டனும் கலந்த பி.சி. துணி. சட்டை முழுக்க மணிதான். நூறு சதவீதம் காட்டன் என்று கவரில் ஸ்டிக்கர் பளபளவென்று இருந்ததே, அந்த ஸ்டிக்கர் ஒன்றுதான் நன்றாக எரிந்தது.

அடுத்த ஞாயிறு மண்டபத்துக்குப் போனோம். அங்கே வளைகாப்பு. மேளா நடந்த இடத்தில் சீர்த்தட்டு வரிசையாக வைத்திருந்தார்கள். வாசலில் நின்ற அம்மா, "வாங்க அம்மிணி, உள்ள வாங்க" என்று சந்தனம் கொடுக்க வந்துவிட்டார். ஜிபேயில் பணம் போட்ட நம்பருக்குப் போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். ரீல்ஸ் பொண்ணுக்கு மெசேஜ் அனுப்பினோம், பார்த்த அடையாளம் வந்தது, அப்புறம் பிளாக்.

உணவக விஷயத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். தமிழிலேயே பேசினார்கள். பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். 12 நாள் கழித்து உணவகத்திலிருந்து போன், பிறகு கணக்கில் 293 ரூபாய் 58 காசு. சர்வீஸ் சார்ஜும் அதற்குப் போட்ட ஜிஎஸ்டியும், காசு சுத்தமாக. சந்தகைக்கு யாரும் எதுவும் தரவில்லை.

துணிக்கு அதே எண்ணில் கேட்டபோது முதல் கேள்வியே, பில் இருக்கிறதா? குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில் தராததும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். பில்லில் கெடு எழுதியிருக்காவிட்டால் 30 நாள் கணக்கு. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம்கூட இல்லை. ஆனால் யார் மேல் போடுவது? பேர் இல்லாத கடை, ஒரு ரப்பர் ஸ்டாம்ப்.

மலிவாக எடுக்க வேண்டும் என்றால் எடுக்கலாம், நம்ம பக்கம் அதற்குப் பஞ்சமா? திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே காதர்பேட்டை. நிரந்தரக் கடைகள், நாளைக்கும் அதே இடத்தில் இருப்பார்கள். அங்கேயும் செகண்ட்ஸ் (குறையுள்ளதென்று கழித்த சரக்கு) உண்டு, ஆனால் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் யாரும் கையைத் தட்டிவிட மாட்டார்கள். பார்க்கும்போது கழுத்து லேபிளை விடுங்கள், இடுப்புப் பக்கம் சைடு தையலில் இருக்கும் வாஷ்கேர் லேபிளைத் தேடுங்கள். எந்த நூல் எத்தனை சதவீதம் என்று அதில்தான் அச்சிட்டிருக்கும். கழுத்தை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதை மறந்துவிடுவார்கள். தையலை இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்து, கீழ்மடிப்பு நேராக வருகிறதா என்றும் பாருங்கள். வேட்டி, துண்டு, நைட்டி என்றால் ஈரோடு ஜவுளிச் சந்தை, திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாய் வரைக்கும். சேலைக்கு நெகமம் காட்டன் இருக்கிறது, விலை கொஞ்சம் கூட, ஆனால் வெயிலில் உடம்புக்குத் தெரியும். அக்கா மகளுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையே ஈரோட்டில் எடுத்துக் கொடுத்தோம். சந்தகைக்கு அம்மாயி வீட்டுக்குத்தான் போனோம். அப்புச்சி இல்லை இப்போது, வீட்டுக்காரர்தான் அழுத்தினார், முதல் இரண்டு ஈடு கோணலாக விழுந்தது.

மாமனாரின் லினன் சட்டை இப்போது சோளக்காட்டில், மயில் விரட்டக் கட்டிய பொம்மைக்குப் போட்டிருக்கிறது. கோடை மழை மூன்று பெய்துவிட்டது, வெயிலும் காய்கிறது. நிறம் கொஞ்சமும் மங்கவில்லை.