கொள்ளிடக் கரையில் கவிழ்ந்த ஜீப்பும் கடைக்காரர் சொன்ன 45 டிகிரியும்

தஞ்சாவூர்க்காரன் ஒருத்தன் சரிவில் வண்டி கவிழ்ந்தது என்று எழுதினால் மலைநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் பாய் விரித்தாற்போல் கிடக்கிற பூமி இது. ஆனால் எங்களுக்கும் சரிவு உண்டு. ஒவ்வொரு ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் இரண்டு பக்கமும் கரை இருக்கிறதே, அதுதான் எங்கள் மலை. அதில்தான் போன ஐப்பசியில் என் ஜீப் படுத்தது. வலது கையில் இரண்டு விரல் நசுங்கியது, ஒரு லட்சத்துக்கு மேல் பணம் போனது. காரணத்தில் பாதி என் அவசரம். மீதிப் பாதி, திருச்சிப் பக்கம் வண்டிகளை உயர்த்திக் கொடுக்கிற ஒரு கடை. கடையின் பெயரைப் போடப்போவதில்லை, வழக்கு நடக்கிறது. அங்கே என்ன சொல்லி விற்றார்கள், எது பொய் என்பதை மட்டும் சொல்கிறேன்.

திருவையாற்றுக்கு வடக்கே, கொள்ளிடத்தின் தென்கரையை ஒட்டி, கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கிற படுகையில் எங்களுக்குக் கொஞ்சம் வாழை. மழைக்காலத்தில் அந்தப் பாதை உளை. ஏழு வருடமாக ஓடுகிற நாலு சக்கர இழுவை ஜீப் ஒன்று வைத்திருக்கிறேன். அது சும்மாவே போய்வந்துகொண்டிருந்தது. கெட்ட நேரம், ஒரு கல்யாணத்தில் மச்சானின் சிநேகிதர் தன் வண்டியைக் காட்டினார். ஆள் உயரத்துக்குச் சக்கரம், மேலே கேரியர், டேஷ்போர்டில் சாய்மானம் காட்டும் மீட்டர். ஆசை யாரை விட்டது.

கடையில் போட்ட கணக்கு: வண்டியை உயர்த்துகிற லிஃப்ட் கிட் 38,000, பெரிய டயர் ஐந்து 47,500, கேரியர் 14,000, மீட்டர் 3,500. மொத்தம் 1,03,000, பேசி ஒரு லட்சத்துக்கு முடித்தேன். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா பதினெட்டாயிரம் கூட ஆகும் சார், உங்களுக்கு எதுக்கு?" என்றார். ஒரு துண்டுச்சீட்டில் கிறுக்கிக் கொடுத்தார். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பதினெட்டாயிரம் மிச்சம் என்று சந்தோஷம் வேறு.

கிளம்பும்போது அவர் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. "இனிமே 45 டிகிரி வரைக்கும் பக்கவாட்டுல தைரியமா போலாம் சார். மீட்டர்ல சிவப்புக்கு வராத வரைக்கும் வண்டி அசையாது. அப்படியே சாயற மாதிரி தெரிஞ்சா ஸ்டியரிங்கை மேட்டுப்பக்கம் ஒடிங்க."

மூன்று வாக்கியம். மூன்றும் தப்பு.

45 என்ற எண்ணை அவர் ஆகாசத்திலிருந்து பிடிக்கவில்லை. அதுதான் இதில் விஷமம். என் ஜீப்பில் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 140 செ.மீ. இருக்கிறது. வண்டியின் மொத்தக் கனமும் ஒரு புள்ளியில் நிற்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய 70 செ.மீ. உயரத்தில் இருக்கும். பாதி அகலம் 70, உயரம் 70. இரண்டும் சமமானால் 45 டிகிரியில்தான் அந்தப் புள்ளி கீழ்ப்பக்கச் சக்கரத்தைத் தாண்டும், வண்டி சாயும். காகிதத்தில் சரிதான். ஆனால் அது கடைக்குப் போவதற்கு முன்பு இருந்த வண்டி! லிஃப்ட் கிட்டும் பெரிய டயரும் போட்டதில் அந்தப் புள்ளி 78 வாக்கில் ஏறிவிட்டது. 70-ஐ 78-ஆல் வகுத்து, அதற்குரிய கோணத்தைப் பார்த்தால் 42 டிகிரி. அதாவது ஒரு லட்சம் கொடுத்து மூன்று டிகிரியை விற்றுவிட்டு வந்திருக்கிறேன். வண்டியை உயர்த்தினால் அடியில் கல் தட்டாது, அது உண்மை. பக்கச் சரிவில் பலம் கூடாது, குறையும். "லிஃப்ட் பண்ணா ஸ்டெடி" என்று எந்தக் கடையில் சொன்னாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

கேரியர் இன்னும் மோசம். அன்றைக்கு வாழைக்குப் போட டிஏபி மூன்று மூட்டை வாங்கியிருந்தேன். உள்ளே மச்சானும் மருந்தடிக்கிற எஞ்சினும் இருந்ததால் மூட்டைகளை மேலே ஏற்றிக் கட்டினோம். மூட்டை 50 கிலோ, ஆக 150 கிலோ, தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில். வண்டி ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ என்று வைத்தால், கனப்புள்ளி 78-லிருந்து 88-க்குப் போய்விடுகிறது. கணக்கு 38 டிகிரிக்கு இறங்கிவிட்டது. இதுவும் வண்டி கல்லில் செதுக்கினதாக இருந்தால்தான். நிஜத்தில் கீழ்ப்பக்க ஸ்பிரிங் பட்டை அமுங்கும், டயர் நசுங்கும், மேலே கட்டின மூட்டை ஒரு விரற்கடை நகரும். 38 என்பது முப்பதை ஒட்டி வந்துவிடும். விபத்துக்கு அப்புறம் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிற தங்கை மாப்பிள்ளை உட்கார்ந்து போட்டுக்காட்டிய கணக்கு இது. கடைக்காரருக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

சரி, அன்றைக்கு நடந்தது. கரைமேல் மேற்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தோம். வலது பக்கம் படுகை. எதிரே குறுவை வைக்கோல் ஏற்றிய டிராக்டர், கரை அகலத்தை அடைத்துக்கொண்டு வந்தது. அவனால் பின்னால் போக முடியாது. என்னால் முடியும், இருநூறு அடி பின்னால் எடுத்திருந்தால் சாய்தளம் இருக்கிறது. ஆனால் ஒரு லட்ச ரூபாய் வண்டி ஆயிற்றே. "நீ வா, நான் இறங்கிக்கிறேன்" என்று கையைக் காட்டிவிட்டு வலது சக்கரங்களைச் சரிவில் இறக்கினேன். மச்சான் "வேணாம் மச்சான், பின்னால எடுங்க" என்றான். மீட்டரைக் காட்டினேன். முள் 20-ல் நின்றது. சிவப்பு 35-க்கு மேல்தான்.

உண்மையில் அந்தக் கரைச் சரிவு 20 இல்லை. பிறகு எங்கள் ஊர்க் கொத்தனார் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் அளந்தேன். இரண்டு மீட்டர் பலகையைச் சரிவில் ஒரு முனை ஊன்றி, ரசமட்டம் வைத்து நேராகப் பிடித்து, மறுமுனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டார். தரைக்குச் சரியாக ஒரு மீட்டர். இரண்டுக்கு ஒன்று. கரைகளை இந்த வாட்டத்தில் போடுவது வழக்கந்தான் என்றார். இரண்டுக்கு ஒன்று என்றால் இருபத்தாறரை டிகிரி. (மூன்றுக்கு ஒன்று 18, நாலுக்கு ஒன்று 14. மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், மீட்டரைவிட இது உதவும்.) அப்படியானால் மீட்டர் ஏன் 20 காட்டியது?

"மீட்டரு பொய் சொல்லுதா, மாட்டினவன் பொய் சொன்னானான்னு பாப்போம் தம்பி" என்றார் பெரியப்பா. விபத்துக்குப் பிறகும் மீட்டர் ஒட்டின இடத்திலேயே அசையாமல் இருந்தது. ஜீப்பைக் களத்தில் நிறுத்தி, நாலு சக்கரம் நின்ற இடத்திலும் சுண்ணாம்பால் கோடு போட்டு முள்ளைக் குறித்துக்கொண்டார். பிறகு வண்டியை அப்படியே திருப்பி, அதே கோடுகளில் எதிர்த்திசை பார்த்து நிறுத்தச் சொன்னார். தரை சாய்வாக இருந்தால் முள் அந்தப் பக்கம் போய்விட வேண்டும். மீட்டர் கோணலாக இருந்தால் முள் அதே பக்கத்திலேயே நிற்கும். நின்றது. இரண்டு தடவையும் இடது பக்கம் 6. அப்படியானால் வலது பக்கம் எவ்வளவு சாய்ந்தாலும் ஆறைக் கழித்துத்தான் காட்டும்.

எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும், நான் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். டயர் மாற்றுவதற்காக வண்டியின் இடது பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. அந்த நேரத்தில் ஒரு பையன் உள்ளே ஏறி, முள் நடுவில் வருகிற மாதிரி பார்த்து மீட்டரை ஒட்டினான். வண்டி இறங்கின பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியிலேயே முள் இடது பக்கம் ஒதுங்கி நிற்பதைப் பார்த்துப் போன் செய்தேன். "அது ரோட்டு வாட்டம் சார், மழைத்தண்ணி வடியறதுக்கு ஓரமா சாய்ச்சுத்தான் போடுவாங்க" என்று பதில் வந்தது. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ரோட்டு வாட்டம் உண்மையான விஷயம்தான். ஆனால் அது ஒன்றரை டிகிரிக்குப் பக்கம்தான் இருக்கும். ஆறு டிகிரி வாட்டத்தில் ரோடு போட்டால் வைக்கோல் வண்டியெல்லாம் வயலில்தான் கிடக்கும். அதை நான் யோசிக்கவில்லை.

சரிவில் இறங்கிப் பத்தடி போயிருப்பேன். பின்பக்க வலது சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. மரமோ என்னவோ பிடுங்கின குழி, மேலே கோரை மூடியிருந்தது. ஒரு முழம் கூட இல்லை, 20 செ.மீ. ஆழம். 140 செ.மீ. அகல வண்டியில் கீழ்ச் சக்கரம் 20 இறங்கினால் 8 டிகிரி கூடும். இருபத்தாறரையும் எட்டும் முப்பத்து நாலரை. மீட்டர் அப்போது என்ன காட்டியது என்று பார்க்கவில்லை. அந்த நேரத்தில் எவனும் பார்க்க மாட்டான். கடைக்காரர் சொன்னதுதான் ஞாபகம் வந்தது, மேட்டுப்பக்கம் ஒடித்தேன். மழை நனைத்த களிமண்ணில் முன்சக்கரம் வழுக்கியதே தவிர மேலே ஏறவில்லை. வண்டி மெதுவாக, தூங்கப்போகிற எருமை மாதிரி, வலது பக்கம் சாய்ந்து படுத்தது. கதவுக்கு மேல் கை வைத்து ஓட்டுகிற பழக்கம் எனக்கு. விரல் மாட்டியது அப்படித்தான். மச்சான் பெல்ட் போடவில்லை, என் மேலேயே வந்து விழுந்தான். அவனுக்கு ஒரு கீறல் இல்லை. கீழே ஒரு சீமைக்கருவேலம் தாங்காமல் போயிருந்தால் இன்னொரு புரட்டுப் புரண்டிருப்போம். அந்த மரத்தை எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

ஒடிக்க வேண்டியது பள்ளத்துப் பக்கம். மூக்கைக் கீழே திருப்பினால் பக்கவாட்டுச் சாய்வு முன்பின் சாய்வாக மாறிவிடும். வண்டி நீளவாக்கில் அவ்வளவு சீக்கிரம் கவிழாது. பிரேக்கை மிதிக்காமல் அப்படியே இறங்கிவிடலாம், கீழே இடம் இருந்தால். பள்ளம் பார்த்துத் திருப்ப மனசு வராது, உண்மைதான். டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். கரையை அவர்கள் நேர்குத்தாகத்தான் ஏறுவார்கள் இறங்குவார்கள், குறுக்கே போக மாட்டார்கள். அன்றைக்கு வைக்கோல் வண்டிக்காரனே இறங்கிவந்து கயிறு கட்டி இழுத்துவிட்டு, "என்னண்ணே, குறுக்கால போயிட்டிய" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

இன்ஷூரன்ஸ் கதை தனி. ஆய்வுக்கு வந்தவர் வண்டியைச் சுற்றிவந்து டயரைப் பார்த்தார், ஸ்பிரிங்கைப் பார்த்தார், ஆர்சி புத்தகத்தைக் கேட்டார். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறதாம். 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. மாற்றியதை மறைத்ததாக எழுதிக் கோரிக்கையைத் தள்ளிவிட்டார்கள். "சட்டப்படி எல்லாம் கிளியர் சார், நாங்க எத்தனை வண்டி பண்றோம்" என்று கடையில் சொன்னது இதற்கு முன் நான் எழுத மறந்த நாலாவது பொய்.

கடைக்குத் திரும்பப் போனபோது, "நீங்க எங்க கொண்டுபோய் விட்டீங்களோ" என்றார். மீட்டர் கோணலைக் காட்டினேன். விபத்தில் நகர்ந்திருக்கும் என்றார். விபத்துக்கு முதல் நாள் மச்சான் மகன் வண்டிக்குள் உட்கார்ந்து எடுத்த படம் ஒன்று போனில் இருக்கிறது. வீட்டு வாசல் சிமெண்ட் தரை, பின்னால் திண்ணை நேராகத் தெரிகிறது, முள் 6-ல். அதைக் காட்டியதும் முதலாளி வெளியே போயிருக்கிறார் என்றார்கள். பேசிக்கொண்டிருந்தவரே முதலாளிதான்.

தஞ்சை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், ஐம்பது லட்சம் வரைக்கும் மாவட்டத்திலேயே கேட்பார்கள். என்னிடம் இருப்பது துண்டுச்சீட்டும் அந்தப் படமும் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கும்தான். வக்கீல், துண்டுச்சீட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

லிஃப்ட் கிட்டைக் கழற்றிவிட்டேன். பழைய டயரைத் தேடி வாங்கிப் போட்டாயிற்று. இப்போது பக்கச் சரிவில் 15 டிகிரிக்கு மேல் நான் போவதில்லை, அதுவும் காய்ந்த தரையாக, இறங்கி நடந்து பார்த்த இடமாக இருந்தால். மேலே ஒரு சாக்குகூடக் கட்டுவதில்லை. திருச்சி, தஞ்சைப் பக்கம் இதே மாதிரி மீட்டர் ஒட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்டு வண்டியைத் திருப்பி நிறுத்திப் பாருங்கள். முள் ஒரே பக்கம் நின்றால் படம் எடுத்து எனக்குத் தெரியப்படுத்துங்கள். பில் வைத்திருப்பவர் ஒருவர் கிடைத்தாலும் வக்கீலுக்குக் கண்ணாடி துடைக்கிற வேலை குறையும்.