பவுன்ஸ் மெயில் வந்ததா? அதற்காகக் கம்ப்யூட்டரை ஃபார்மட் அடிக்கக் கொடுக்காதீர்கள்

கும்பகோணத்தில் என் பெரியப்பாவிடம் ஒரு சர்வீஸ் கடை 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, இல்லாத வைரஸை எடுத்துவிட்டதாகச் சொல்லி, இருந்த ஃபோட்டோக்களை எல்லாம் அழித்துக் கொடுத்திருக்கிறது. புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் யாராவது இதே கதையை விடலாம், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஒரு நாள் காலை அவர் ஜிமெயிலைத் திறந்தால் 'மெயில் டெலிவரி சப்சிஸ்டம்' என்ற பெயரில் நாற்பது ஐம்பது மெயில்கள். நீங்கள் அனுப்பியது போய்ச் சேரவில்லை, அப்படி ஒரு முகவரியே இல்லை என்று. இப்படித் திரும்பி வருவதைத்தான் பவுன்ஸ் என்கிறார்கள். அவர் அனுப்புவதே மாதத்துக்கு நாலு மெயில், அதுவும் பென்ஷனர் சங்கத்துக்கு. திரும்பி வந்ததிலோ ரஷ்ய எழுத்தில் ஏதோ மாத்திரை விளம்பரம். மனுஷன் பயந்துபோய் சிபியுவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் மெயிலைப் பார்த்த பார்வையிலேயே, "சார், உங்க சிஸ்டத்துலேருந்து வைரஸ் மெயில் அனுப்பிக்கிட்டே இருக்கு, இப்படியே விட்டா உங்க பேர்ல சைபர் கிரைம் கேஸ் ஆயிடும்" என்றாராம். எனக்குக் கோபமே அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான். எழுபது தாண்டிய, தாலுகா ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆன ஒருத்தரிடம் கேஸ் என்று சொன்னால் கேட்டதைக் கொடுக்கத்தானே செய்வார்.

துண்டுத்தாளில் பில்: வைரஸ் கிளீனிங் 1,200, விண்டோஸ் 1,500, ஆன்டிவைரஸ் 2,100. சாயங்காலம் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது, மெயிலைத் திறந்தார், புதிதாக இன்னும் இருபது பவுன்ஸ். எனக்கு ஃபோன் வந்தது அப்போதுதான்.

வராமல் எப்படி இருக்கும்? அந்த மெயில்கள் அவர் கம்ப்யூட்டரிலிருந்து போகவே இல்லையே. தபால் கவரில் அனுப்புநர் இடத்தில் யார் விலாசத்தை வேண்டுமானாலும் எழுதிப் பெட்டியில் போட்டுவிடலாம், ஆள் இல்லாவிட்டால் கவர் அந்த விலாசத்துக்குத்தான் திரும்பும், இல்லையா? மெயிலிலும் அதே கதைதான். மெயில் அனுப்புவதற்கென்று 1982இல் ஜான் போஸ்டல் என்ற கணினி விஞ்ஞானி எழுதிய எஸ்எம்டிபி விதிகளில், அனுப்புகிறவர் நிஜமாக அவர்தானா என்று சோதிக்க வழியே கிடையாது. அதைச் சோதிக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற ஏற்பாடுகள் எல்லாம் பிற்பாடு ஒட்டுப்போட்டவை. அவற்றைப் பார்க்காமல் மெயிலை முதலில் வாங்கிக்கொண்டு அப்புறம் திருப்பி அனுப்பும் சர்வர்கள் இன்னும் இருக்கின்றன, அவை அப்பாவிகள் தலையில் பவுன்ஸைக் கொட்டுகின்றன. 2002இல் பரவிய கிளெஸ் வைரஸ் இன்னும் மோசம். யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு, அங்கே கிடைத்த இன்னொருவர் முகவரியை அனுப்புநராகப் போட்டு அனுப்பும். ஆக, வைரஸ் நிஜமாகவே இருந்தாலும் அது உங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஊருக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பவுன்ஸைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி 'ஒரிஜினலைக் காட்டு' போட்டால், அடியில் திரும்பிய மெயிலின் தலைப்பு வரிகள் ஒட்டியிருக்கும். மெயில் எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்று காட்டும், 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகளைக் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். அவர் ஜிமெயிலிலிருந்து போயிருந்தால் கூகுள் சர்வர் பெயர் இருக்க வேண்டும், எதிலும் அது இல்லை, எங்கோ ஒரு வெளிநாட்டு ஐபி முகவரிதான். அப்புறம் கம்ப்யூட்டரில் ஜிமெயில் இன்பாக்ஸின் அடியில், வலது ஓரத்தில் 'விவரங்கள்' என்று சின்னதாக இருக்கும், அதில் கணக்கை எங்கெங்கிருந்து திறந்திருக்கிறார்கள் என்று தெரியும். அவர் வீடும் ஃபோனும் தவிர வேறெதுவும் இல்லை. சென்ட் ஃபோல்டரும் சுத்தம். ஃபில்டரிலும் ஃபார்வர்டிங்கிலும் தெரியாத முகவரி எதுவும் இல்லை. ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிகிற வேலை, அதற்குப் பதில்தான் டிஸ்க்கைத் துடைத்திருக்கிறார்கள்.

சரி, கடைக்காரர் போட்டுக் கொடுத்தது என்ன என்று பார்த்தால் அதுதான் உண்மையான ஆபத்து. அந்த மெஷினோடு வந்தது ஒரிஜினல் விண்டோஸ் 11 ஹோம். அதையே திரும்பப் போட்டு நெட்டில் இணைத்தால் காசில்லாமல் தானாக ஆக்டிவேட் ஆகும், ஏனென்றால் அந்த உரிமம் மதர்போர்டோடு பதிந்திருக்கும். இவர் கிராக் செய்த புரோ எடிஷனைப் போட்டுவிட்டு அதற்கு 1,500. கிராக் செய்யப் பயன்படுத்திய ஆக்டிவேட்டர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அது இருக்கும் ஃபோல்டரை, விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் சோதிக்காதபடி விலக்கி வைத்திருக்கிறார். 2,100 ரூபாய் ஆன்டிவைரஸோ 30 நாள் டிரையல். போதாக்குறைக்கு, தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க், யாரும் 'சரி' அழுத்தாமலேயே வெளியிலிருந்து உள்ளே வரும்படி பாஸ்வேர்டு வைத்து. பெரியப்பா நெட் பேங்கிங் பார்ப்பது இதில்தான்!

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஹோம் எடிஷனைப் புது டிஸ்க்கில் போட்டேன், கூடவே வருகிற டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். மெயிலுக்கும் பேங்குக்கும் ஃபோனிலிருந்து பாஸ்வேர்டு மாற்றி, மெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பும் வைத்தாயிற்று. பழைய டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி, அழிந்த ஃபைல்களை மீட்கும் ஃபோட்டோரெக் ஓட்டியதில் கொஞ்சம் படங்கள் கிடைத்தன, பெயரும் தேதியும் இல்லாமல். அத்தை கல்யாணப் படங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்தார், அதில் பாதிதான் தேறியது. பவுன்ஸ் சில நாளில் தானாக நின்றுவிட்டது, அது அப்படித்தான் நிற்கும்.

இதற்கிடையில் இன்னொன்றும் வந்தது: 'உங்களுக்கு வந்த 6 மெயில்கள் தடுத்து வைக்கப்பட்டுள்ளன, பெற இங்கே அழுத்தவும்' என்று ஒரு பட்டன். அது பவுன்ஸே இல்லை, தூண்டில். நிஜ பவுன்ஸ் ஒருநாளும் பாஸ்வேர்டு கேட்காது. சென்ட் ஃபோல்டரில் நீங்கள் அனுப்பாதது இருந்தாலோ, தெரியாத இடத்திலிருந்து கணக்கைத் திறந்திருந்தாலோதான் பதற வேண்டும், அப்போதும் முதல் வேலை வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுவது. நிஜமாகவே கம்ப்யூட்டர் மேல் சந்தேகம் என்றால் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, "அண்ணே, பெரியவர்தான் ஃபார்மட் பண்ணச் சொன்னாரு" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே கேட்டது பில். கையில் இருப்பதோ முத்திரையும் கடைப் பெயரும் இல்லாத துண்டுத்தாள், நல்லவேளையாகப் பெரியப்பா பணத்தை ஜிபேயில் கொடுத்திருந்தார், அந்த ஸ்கிரீன்ஷாட்டைத்தான் இணைத்து அனுப்பியிருக்கிறேன்.