இலையுதிர் காலத்திலும் பூக்குமா? ஒரு காட்டுப்பூ விதைப் பாக்கெட்டின் கணக்கு

பாக்கெட்டின் முகப்பில் செக்கச்செவேலென்று பாப்பி, பக்கத்தில் நீலமாகக் கார்ன்ஃப்ளவர். அதன் கீழே பெரிய எழுத்தில் "இலையுதிர் காலம் வரை பூக்கும்". படத்தில் உள்ள இந்த இரண்டும் வசந்தத்தில் விதைத்தால் பெரும்பாலும் கோடையோடு ஓய்ந்துவிடுபவை. மரங்களில் இலை பழுக்கும் நேரத்தில் பூத்து நிற்பவை, பின்பக்கப் பட்டியலின் கடைசி வரிகளில் பொடி எழுத்தில் இருக்கின்றன: நியூ இங்கிலாந்து ஆஸ்டர், கோல்டன்ராட், யாரோ (yarrow) என்ற செடி, ருட்பெக்கியா. இந்தப் பாக்கெட்டை வாங்குவதென்றால் அந்தக் கடைசி வரிகளுக்காகத்தான் வாங்க வேண்டும். இரண்டாவது ஆண்டு வரை பொறுக்க முடிந்தால் வாங்கலாம். இந்த ஆண்டே பாத்தி நிறைய ஆஸ்டர் வேண்டும் என்றால் இது உதவாது.

எடை 100 கிராம், 25 சதுர மீட்டருக்கு என்று போட்டிருக்கிறது. சதுர மீட்டருக்கு 4 கிராம் சரியான அளவுதான். கலவையின் விகிதத்தை மட்டும் எடையால் பார்க்கக் கூடாது, எண்ணிக்கையால் பார்க்க வேண்டும். கார்ன்ஃப்ளவர் ஒரு கிராமுக்குச் சுமார் 200 விதை. நியூ இங்கிலாந்து ஆஸ்டர் சுமார் 2,300. ஆக, இதில் உள்ள 35 கிராம் கார்ன்ஃப்ளவர் 7,000 விதை. வெறும் 3 கிராம் ஆஸ்டரும் ஏறக்குறைய 7,000 விதை. "மூன்று சதவீதம்தானா" என்று ஏமாந்ததாக நினைக்க வேண்டாம், ஆஸ்டர் தாராளமாகவே இருக்கிறது. இடிப்பது யாரோ செடிதான். அது கிராமுக்கு 6,000 விதையைத் தொடும். 2 கிராம் போட்டிருக்கிறார்கள் என்றால் சதுர மீட்டருக்கு 480 விதை! வேர்த்தண்டு விட்டுப் படரும் செடி அது. மூன்றாவது ஆண்டில் பாத்தியைத் தனதாக்கிக்கொள்ளும். அரை கிராம் போதுமாயிருந்தது. முதல் ஆண்டிலேயே, சீப்பு மாதிரி நுணுக்கமாகப் பிளந்த இலையோடு வரும் கன்றுகளில் நான்கில் மூன்றைப் பிடுங்கிவிடுவது நல்லது.

இன்னொரு குறை, எல்லா விதையையும் ஒரே நாளில் தூவச் சொல்லும் குறிப்பு. ஆஸ்டர், கோல்டன்ராட் விதைகள் சில வாரம் ஈரக்குளிரில் கிடந்தால்தான் சீராக முளைக்கும். இதே கலவையில் உள்ள காஸ்மோஸோ உறைபனி பட்டால் போய்விடும். வசந்தத்தில் தூவினால் முன்னதற்குக் குளிர் கிடைக்காது, இலையுதிர் கடைசியில் தூவினால் பின்னது வீணாகலாம். இதற்கு ஒரு சல்லடை போதும். 2 மில்லிமீட்டர் கண்ணுள்ளதில் போட்டு மெதுவாக ஆட்டினால், ஊசி போல நீண்ட காஸ்மோஸ், நுனியில் குஞ்சம் வைத்த கார்ன்ஃப்ளவர், புழு போல வளைந்த காலண்டுலா எல்லாம் பெரும்பாலும் மேலே தங்கிவிடும். கீழே விழும் தூள் போன்றதுதான் ஆஸ்டர் கூட்டம். தூளை இலையுதிர் கடைசியில் மண்ணில் போடுங்கள். குளிர்காலம் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பருவம் தப்பிவிட்டால், ஈர மணலில் கலந்து பையில் கட்டி ஃப்ரிட்ஜில் 4 முதல் 6 வாரம் வைத்து வசந்தத்தில் போடலாம். ஈரம் என்றால் கையில் பிழிந்தால் நீர் சொட்டாத அளவு. அதற்கு மேல் போனால் பூஞ்சை பிடிக்கும்.

மண்ணுக்கு உரம் வேண்டவே வேண்டாம். தழைச்சத்து ஏறிய மண்ணில் புல்தான் கொழுக்கும், காட்டுப்பூ நெடுநெடுவென்று வளர்ந்து சாயும். புல்லை வேரோடு எடுத்து, தண்ணீர் தெளித்து, இரண்டு மூன்று வாரம் விட்டு, முளைத்த களையை 2 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகாமல் சுரண்டுங்கள். இதை இரண்டு முறை செய்தால் பாதிப் போர் முடிந்தது. ஆழமாகக் கொத்தினால் அடியில் தூங்கும் களை விதைகள் மேலே வந்துவிடும். பிறகு விதையோடு நான்கைந்து மடங்கு காய்ந்த மணல் சேர்த்து, பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்கிலும் தூவுங்கள். வெளிர் மணல் என்றால் எங்கே விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியும். பொடி விதையின் மேல் மண் மூடக் கூடாது. வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். பலகை வைத்து மிதித்தால் போதும்.

"முளைக்கவே இல்லை" என்ற புகார் பெரும்பாலும் முளைத்ததைக் களை என்று பிடுங்கியதால் வருவது. ஆஸ்டர் முதல் ஆண்டு தரையோடு ஒட்டிய சிறு கன்றாகவே இருக்கும். காஸ்மோஸ் அடர்ந்தால் அதன் நிழலில் இந்தக் கன்றுகள் செத்துப்போகும். 30 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று காஸ்மோஸைக் கலைத்துவிடுங்கள், கார்ன்ஃப்ளவர் ஓய்ந்ததும் அறுத்து வெளியே அள்ளுங்கள்.

இரண்டாவது ஆண்டில் பாக்கெட்டின் வாக்கு பலிக்கிறது. வட அரைக்கோளத்தில் செப்டம்பர், அக்டோபர்தான் இவற்றின் காலம். இரவு நீள்வதை உணர்ந்தே ஆஸ்டரும் கோல்டன்ராடும் மொட்டு வைக்கின்றன. இரவெல்லாம் தெருவிளக்கு விழும் மூலையில் பூப்பு தாமதமாகலாம். முதல் உறைபனியில் காஸ்மோஸ் ஒரே இரவில் கறுத்துத் தொங்கும். ஆஸ்டரும் காலண்டுலாவும் லேசான பனியைத் தாங்கிப் பூக்கும். ஆஸ்டர் பூவைக் கிட்டத்தில் பாருங்கள்: சுற்றிலும் ஊதா இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு. அந்தப் பொட்டு நூறு சிறு பூக்கள் சேர்ந்தது. வயதாக வயதாக மஞ்சள் மங்கிச் செம்பழுப்பாகும். மஞ்சளாக இருக்கும் பூக்களில்தான் தேனீக்கள் மொய்க்கும். இரவில் இதழ்கள் மடங்கிவிடுவதால் காலைக் குளிரில் "வாடிவிட்டது" என்று வெட்டிவிடாதீர்கள், வெயில் ஏறியதும் விரியும்.

கோல்டன்ராடால் ஒவ்வாமை வரும் என்ற பயம் தேவையில்லை. அதன் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது, பூச்சிகள் சுமந்து போவது. தும்மல் தருவது அதே நாட்களில் கண்ணில் படாமல் பூக்கும் ராக்வீட் என்ற களை; அதன் மகரந்தம் காற்றில் பறக்கும். ஆனால் வேறு எச்சரிக்கை ஒன்று உண்டு, பாக்கெட்டில் அது அச்சிடப்படவில்லை. கனடா கோல்டன்ராட் வட அமெரிக்காவுக்குச் சொந்தமானது. ஐரோப்பாவிலும் சீனாவிலும் ஆக்கிரமிப்புச் செடியாகிவிட்டது. வெறுமனே "கோல்டன்ராட்" என்று மட்டும் போட்டிருப்பது பெரிய பிழை. தாவரவியல் பெயரைக் கேட்டு, உங்கள் பகுதிக்கு உரிய இனம்தானா என்று உறுதிசெய்த பிறகே பாக்கெட்டைப் பிரியுங்கள்.

ஆஸ்டர் ஒரு மீட்டரைத் தாண்டினால் மழையில் படுத்துவிடும். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினால் கிளைத்து நிற்கும். பூ ஒன்றிரண்டு வாரம் பிந்தும், அதுதானே நமக்கு வேண்டியது. ஜூலை பாதிக்குப் பிறகு கத்தரியைத் தொடாதீர்கள், மொட்டோடு போய்விடும். அடி இலைகளில் வெள்ளைச் சாம்பல் பூத்தால் செடி சாகாது. வேர் காய்ந்ததற்கும் நெருக்கத்துக்கும் அது அடையாளம்.

பூ முடிந்ததும் சுத்தம் செய்யச் சொல்கிறது பாக்கெட். அதைக் கேட்காதீர்கள். விதைத்தலைகளைப் பறவைகள் கொத்தும், தண்டுகளில் பூச்சிகள் குளிர்காலத்தைக் கழிக்கும். வசந்தத் தொடக்கத்தில், தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் தண்டை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் அறுத்தால் போதும்.